தோலோடு நின்ற நீலம்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் பல் தேய்க்கும்போது ஒரு பழைய கேள்வி காரணமே இல்லாமல் ஞாபகத்துக்கு வந்தது. ஏழாம் வகுப்பு, பொருள்களின் நிலைகள் பாடம். வாயுவில் துகள்கள் ஓடும், நீர்மத்தில் நழுவும், திடப்பொருளில் இருந்த இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும் என்று சொல்லி முடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு இரட்டைச் சடைப் பெண் எழுந்தாள்.

"டீச்சர், கல்லுக்குள்ள இருக்கிற அணுவுக்குப் போரடிக்காதா?"

"போரடிச்சாலும் எழுந்து போக முடியாதும்மா, உன்னை மாதிரிதான்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். பதில் எனக்கே பிடித்துப் போய், அதற்கப்புறம் எல்லா வருடமும் அந்தப் பாடத்தில் அதைச் சொன்னேன்.

போன வாரம் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியில் இடித்து, மோதிரத்து நீலக்கல்லின் ஓரம் மூளியாகிவிட்டது. இன்று பின் தெருவில் பட்டை தீட்டுபவரிடம் கொண்டுபோனேன். ஒற்றை அறை. வடக்குப் பார்த்த சன்னல், அதன் அடியில் சுழலும் தட்டு, தட்டின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஐம்பது வயது இருக்கும். உருப்பெருக்கியை ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டே பேசுவார். மற்றக் கண் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"மேல் பக்கம் மொத்தமும் ஒரு இழை எடுத்தாத்தான் ஒழுங்கா வரும் டீச்சரம்மா. கல்லு கொஞ்சம் சின்னதாகும். பரவாயில்லையா?"

"நானும்தான் வருஷா வருஷம் சின்னதாகிட்டு வரேன். எடுங்க."

"உள்ள வெள்ளையா ஒரு புள்ளி இருக்கு, வால் வெச்ச மாதிரி."

"அது காற்புள்ளி. அதைத் தொட்டுடாதீங்க."

சிரித்தார். திருமணத்தின் இருபத்தைந்தாம் வருடம் என் வீட்டுக்காரர் வாங்கித் தந்த மோதிரம். அந்தப் புள்ளியைக் காட்டி, "நம்ம வாக்கியம் இன்னும் முடியல" என்பார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது.

ஜூன் 5, வியாழன்

இந்தக் குறிப்பேட்டின் அடையாள நாடாவை நான் எப்போதும் பக்கத்தின் நடுவில் விடுவேன். இன்று ஓரத்தில் இருந்தது. தைல வாசனையும் இருந்தது.

முத்திரைதான். என் நாத்தனார். முப்பது வருடம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தடுக்கும் வேலை. அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அண்ணன்: "இவ ஒரு தடவை குத்தினா குத்தினதுதான்." அவர் போனபின் நாங்கள் இருவர்தான் இந்த வீட்டில். அடுத்தவர் கடிதம் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசுவாள். உண்மையாகத்தான் இருக்கும். என் நாட்குறிப்பு மட்டும் அந்தக் கணக்கில் வராதுபோல. ஒட்டாத உறையைப் படிக்கலாம் என்று விதி இருக்கிறதோ என்னவோ.

கேட்கப்போவதில்லை. படிக்கட்டும். இங்கே என்ன ராணுவ ரகசியமா இருக்கிறது?

ஜூன் 9, திங்கள்

மோதிரம் இல்லாத விரலைக் கட்டைவிரல் அடிக்கடி போய்த் தேடிவிட்டு வருகிறது.

ஜூன் 10, செவ்வாய்

கோபம் இன்னும் ஆறவில்லை. எழுதினால் அடங்கும்.

பட்டை தீட்டுபவர் மோதிரத்தைத் தனியாகவும் கல்லைக் காகிதப் பொட்டலத்திலும் வைத்து நீட்டினார். "பதிக்கறதுக்கு முன்னாடி நீங்க பாத்துடுங்க டீச்சரம்மா" என்றார். பிரித்தேன். என் கல் இல்லை. வெளுத்த கல். கழுவின தண்ணீர் மாதிரி. நடுவில் ஒன்றுமில்லை, அடியில் எங்கோ கொஞ்சம் நீலம்.

"இது யாரோடது?"

"உங்களோடதுதான். சுட்ட கல்லு டீச்சரம்மா. நிறம் தோலோட நிக்கிற கல்லு. மேல தீட்டினதும் தோல் போயிடுச்சு. எனக்கே திக்குனு ஆயிடுச்சு."

"கல்லுக்கு என்னங்க தோலு? மேல பெயின்ட் அடிச்சிருந்துச்சா?"

"பெயின்ட் இல்லைங்க. உள்ளதான் போயிருக்கு. கொஞ்சமா."

உள்ளேயாவது, போவதாவது! அறையில் இன்னும் இரண்டு பேர் கல் வாங்கிப் போகக் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால், என் பழைய வகுப்புக் குரலில் சொன்னேன். "முப்பத்தொரு வருஷம் அறிவியல் எடுத்தவ நான். திடப்பொருளுக்குள்ள வேற ஒண்ணு நுழையாது. கல்லு என்ன பஞ்சா, மை உறிஞ்ச? ஏழாம் வகுப்புப் பிள்ளைகிட்ட சொல்லுங்க, சிரிக்கும்."

கண்ணிலிருந்து உருப்பெருக்கியை எடுத்தார். இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

"எனக்குப் பாடம் தெரியாதுங்க. கல்லு தெரியும்."

காத்திருந்தவர்களில் ஒருவர் தம் பொட்டலத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். நானும் கல்லையும் மோதிரத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

முத்திரை என்னைவிடக் கொதிக்கிறாள். "மாத்திட்டான் அண்ணி. பட்டப்பகல்ல மாத்திட்டான். அண்ணன் வாங்கினது அசல் கல்லு. நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கறேன்."

கல் அவளுடையது என்று நினைத்துவிடுவார்கள், அப்படி அழுதாள். மத்தியானம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினவள், கடைவீதியில் மூன்று நகைக்கடை ஏறி இறங்கிவிட்டு வந்தாள். பட்டை தீட்டக் கல் கொடுத்தனுப்புகிற கடைகள். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து கதையைச் சொல்லியிருக்கிறாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

பின் தெரு வழியாக நடந்து வந்தேன். அந்தச் சன்னல் திறந்திருந்தது. தட்டு சுழலவில்லை, தண்ணீர்ச் சொட்டும் இல்லை. அவர் ஸ்டூலில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு அம்மா, நான் கேட்காமலே சொன்னார்: "மூணு கடையும் கல்லு அனுப்பறத நிறுத்திட்டாங்களாம். கை சுத்தமில்லைன்னு பேச்சு வந்துட்டா அந்தத் தொழில்ல அப்புறம் என்ன இருக்கு?"

சந்தோஷப்பட்டேனா? ஒரு கணம் பட்டேன். பொய் எழுதக் கூடாது.

வீட்டுக்கு வந்து காய் நறுக்கும்போது ஒன்று உறுத்தியது. ஏமாற்ற நினைக்கிறவன் என்ன செய்வான்? நல்ல நீலமாக ஒரு போலியைப் பதித்து, துடைத்துக் கையில் கொடுப்பான். வெளுத்த கல்லைப் பதிக்காமல் நீட்டி, "பாத்துடுங்க" என்றா சொல்வான்?

அந்தச் சடைப் பெண்ணும் நினைவுக்கு வந்தாள். அவளுக்குச் சொன்னதையேதான் இவருக்கும் சொன்னேன், சிரிப்பு இல்லாமல். அதை நான் எங்கே படித்தேன்? ஏழாம் வகுப்புப் புத்தகத்தில். அதற்கு மேல்? யோசித்துப் பார்த்தால், மேலே ஒன்றும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

இயற்பியல் எடுத்த பழைய சிநேகிதிக்குப் போன் செய்தேன்.

"என்னடி, ஓய்வு வாங்கி எட்டு வருஷம் கழிச்சு சந்தேகம் கேக்கற?"

"கல்லுக்குள்ள அணு நகருமா, நகராதா? அதை மட்டும் சொல்லு."

"நகரும்."

"என்னது?"

"நகரும்டி. நல்லா சூடு பண்ணினா நகரும். எந்தப் படிகமும் முழுசா நிரம்பினது கிடையாது. அங்கங்க ஒரு இடம் காலியா இருக்கும். பக்கத்துல இருக்கறது அதுக்குள்ள குதிக்கும். அது விட்ட இடத்துல இன்னொண்ணு வரும்."

"அப்ப நான் முப்பத்தொரு வருஷம் சொன்னது?"

"ஏழாம் வகுப்புக்குச் சரிதான். நீயும் அங்கேயே உக்காந்துட்ட, அவ்வளவுதான்."

போனை வைத்தபின் நூலகத்துக்குப் போனேன். சாயங்காலம் அவர்கள் விளக்கை அணைக்கும்வரை படித்தேன். தண்ணீரில் மை பரவுவதைக் காட்டி 'விரவல்' என்று நான் சொல்லிக்கொடுத்த அதே விஷயம், பாறைக்குள்ளும் நடக்கிறது. பூமிக்கு அடியில் வெந்துகொண்டிருக்கும் கனிமங்களில் இரும்பும் மக்னீசியமும் ஒன்றின் இடத்துக்கு ஒன்று மாறி மாறிப் போகின்றன. சூடு தணியத் தணிய, குதிப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதில்லை, படுத்தேவிடுகிறது. ஆறின பாறையில் அவை நின்ற இடத்திலேயே கோடிக்கணக்கான வருடம் கிடக்கும். இரண்டும் கலந்து மங்கிப்போன எல்லையை அளந்து, பாறை எத்தனை காலம் சூட்டில் இருந்தது என்றே சொல்லிவிடுகிறார்கள்.

நீலக்கல்லும் இருந்தது அந்தப் புத்தகத்தில். அது குருந்தம்: அலுமினியமும் ஆக்சிஜனும் அடுக்கிவைத்த படிகம். நிறமில்லாத குருந்தத்தை டைட்டேனியமும் இரும்பும் கலந்த பொடியில் புதைத்து, ஆயிரத்து எழுநூறு டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் சுடுவார்களாம். வெளியிலிருந்து அவை உள்ளே போய் அலுமினியம் இருக்க வேண்டிய இடங்களில் உட்கார்ந்துகொள்ளும், கல் நீலமாகும். எவ்வளவு ஆழம்? ஒரு நகத்தின் பருமன்கூட இருக்காது.

தோல். அவர் சரியான சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 17, செவ்வாய்

எனக்கு எதையும் கையால் செய்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும். முப்பது குழி முட்டை அட்டையை எடுத்து இருபத்தொன்பது முட்டை அடுக்கினேன். ஒரு ஓர வரிசையில் மூன்று பழுப்பு முட்டை, மற்றதெல்லாம் வெள்ளை, ஒரு குழி காலி. பகடையை உருட்டி, ஒன்று விழுந்தால் காலிக் குழிக்கு மேலே இருக்கும் முட்டை அதில் வரவேண்டும். இரண்டுக்குக் கீழே இருப்பது, மூன்றுக்கு இடம், நான்குக்கு வலம். ஐந்தோ ஆறோ வந்தாலும், அந்தப் பக்கம் முட்டை இல்லாவிட்டாலும் திரும்ப உருட்டல்.

முத்திரை எட்டிப் பார்த்தாள். "அண்ணி, முட்டைங்களோட பகடை ஆடறீங்களா? யாரு ஜெயிக்கறாங்க?"

"பழுப்பு."

நூறு உருட்டலுக்குப் பின் ஒரு பழுப்பு முட்டை மூன்றாம் வரிசைக்குப் போயிருந்தது. ஒன்று இரண்டாவதில். ஒன்று ஆரம்பித்த வரிசையிலேயே நின்றது.

இதிலும் ஒரு அடி எனக்கு. துகள்கள் "நெருக்கடியான இடத்திலிருந்து தாராளமான இடத்துக்குப் போக விரும்பும்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எந்த முட்டையும் எதையும் விரும்பவில்லை. இடம் இருந்தால் குதித்தது. திரும்பியும் குதித்தது. அப்படியே கொஞ்சம் உள்ளே போய்விட்டது. இரண்டு மடங்கு ஆழம் போக வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் ஆகும் என்று படித்தது இப்போதுதான் உறைத்தது: முன்னும் பின்னுமாக அலைகிறது, நேரே நடக்கவில்லை. சுடுகிறவன் ஏன் தோலோடு நிறுத்திக்கொள்கிறான் என்பதும் புரிந்தது.

ஜூன் 18, புதன்

போனேன். கல்லையும் எடுத்துப் போயிருந்தேன். பட்டை தீட்டுபவர் எழுந்து நிற்கவில்லை. நியாயம்தான்.

"இந்தக் கல்லு மாத்தின கல்லா இல்லையான்னு எப்படிப் பாக்கறது? சொல்லிக்குடுங்க" என்றேன்.

ஸ்டூலை விட்டு எழுந்தார். பிறகு கண்ணாடி டம்ளரை எடுத்து, கிளிசரின் ஊற்றி, வெள்ளைத் தாளின் மேல் வைத்து, கல்லை உள்ளே போட்டு, தாளுக்கு அடியிலிருந்து டார்ச் அடித்தார். கல்லின் மினுக்கம் அடங்கி, கல் மட்டும் தெரிந்தது. அடிப்பக்கத்துப் பட்டைகளின் விளிம்பெல்லாம் மையால் கோடு இழுத்ததுபோல நீலம். மேல் பக்கம் வெறும் தண்ணீர். இரண்டும் சந்திக்கும் ஓரத்தில், கத்தியால் வெட்டினாற்போல நீலம் நின்றுவிட்டது, அவர் தீட்டத் தொடங்கின இடத்தில்.

உருப்பெருக்கியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அன்றைக்குக் கோபத்தில் தேடக்கூட இல்லை. கல்லின் நடுவில் என் காற்புள்ளி, வாலோடு, அப்படியே.

"தீட்டறதுக்கு முன்னாடி இப்படி ஒரு தடவை போட்டுப் பாத்திருக்கணும். பாக்கல. அது என் தப்பு டீச்சரம்மா" என்றார். "திருட்டு என் தப்பு இல்ல."

"தப்பு என்னுதுதான்" என்றேன். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். நான் அவரைப் பேசினது நான்கு பேர் இருந்தபோது. இந்த மன்னிப்பு செல்லாது. திரும்ப வர வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

முத்திரையிடம் சொன்னேன். முட்டை அட்டையைக் காட்டி, நிதானமாக, முதலிலிருந்து. பாதியில் எழுந்துவிட்டாள்.

"அப்ப அண்ணன் ஏமாந்துட்டார்னு சொல்றீங்க. கண்ணுமண்ணு தெரியாம எதையோ வாங்கிட்டு வந்தார்னு சொல்றீங்க."

"யாரும் அப்படிச் சொல்லலம்மா. பாத்தா தெரியாது. எனக்கே…"

"அவன் உங்களை நல்லா மயக்கி அனுப்பிருக்கான். திங்கட்கிழமை நான் காவல் நிலையத்துக்குப் போறேன். எழுதிக் கொடுக்கப் போறேன்."

"ஒரே ஒரு தடவை கிளிசரின்ல போட்டுப் பாரேன்."

"பாக்க மாட்டேன்!"

கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு ஏன் இத்தனை? மோதிரம் எனக்கு வந்தது. ஏமாந்தது அவர். இவளுக்கு எங்கே வலிக்கிறது?

ஜூன் 20, வெள்ளி

சாப்பிட வரவில்லை. தட்டை அவள் அறை வாசலில் வைத்தேன். அரை மணி கழித்துக் காலித் தட்டு இருந்தது. பேச்சு மட்டும் இல்லை.

சொன்னால் கேட்க மாட்டாள். எழுதினால் படிப்பாள்.

முத்திரை, நாடாவை நடுவில்தான் வைத்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் டம்ளர், கிளிசரின் பாட்டில், வெள்ளைத் தாள், டார்ச், கல், என் பழைய உருப்பெருக்கி எல்லாம் இருக்கின்றன. நாளைக் காலை நான் சந்தைக்குப் போய் மெதுவாகத்தான் வருவேன். கல்லை அடிப்பக்கம் மேலே வரும்படி போடு. முதலில் பட்டைகளின் விளிம்பைப் பார். பிறகு நடுவில் காற்புள்ளியைத் தேடு. நான் சொல்வதை நம்ப வேண்டாம். அது இல்லாவிட்டால் திங்கட்கிழமை உன்னோடு நானே காவல் நிலையத்துக்கு வருகிறேன். இருந்தால், அங்கே ஒரு மனுஷன் தட்டை நிறுத்திவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். நீ பதில் எழுதக் கீழே அரைப் பக்கம் காலியாக விடுகிறேன்.

ஜூன் 21, சனி

சந்தையில் வேண்டாத காயெல்லாம் வாங்கி நேரம் போக்கினேன். திரும்பும்போது டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. கல் பொட்டலத்துக்குள். அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது.

நான் விட்டிருந்த இடத்தில், தபால்காரக் கையெழுத்து, குண்டு குண்டாக:

"அண்ணி, பார்த்தேன். காற்புள்ளி இருக்கிறது. அந்தக் கல்லை எடுத்தது அண்ணன் இல்லை. எனக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும், நீ வா என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் நல்லதாக எத்தனையோ காட்டினார். இதில் குறை இருக்கிறது, வேறு எடுங்கள் என்றார். நான்தான் இதுவே இருக்கட்டும் என்றேன். அண்ணி டீச்சராச்சே, காற்புள்ளி வைத்த கல் வேறு யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். நீலத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. இத்தனை வருடம் உங்களிடம் சொல்லவில்லை, அண்ணன் எடுத்ததாகவே இருக்கட்டும் என்று. இப்போது அது போலி என்றால் ஏமாந்தது நான்தானே. அதனால்தான் அந்த ஆளைத் திருடனாக்கினேன். உங்கள் புத்தகத்தைப் படித்ததற்கும் சேர்த்து மன்னிக்கவும்."

நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கதவைத் தட்டி, "வேண்டாத காய் நிறைய வாங்கிட்டேன். யாரு நறுக்கறது?" என்றேன்.

கதவு திறந்தது.

ஜூன் 23, திங்கள்

முத்திரை குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். காவல் நிலையத்துக்கு இல்லை. அதே மூன்று கடை, அதே வரிசை. டம்ளர், கிளிசரின், டார்ச் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டாள். கல்லையும்தான்.

"நான் சொன்னதை நானே ரத்து பண்ணணும். தபால்ல அதுக்கும் ஒரு முத்திரை உண்டு அண்ணி. பழசு மேலயே குத்தணும், எல்லாருக்கும் தெரியற மாதிரி."

மூன்றாவது கடைக்காரர், "அம்மா, அன்னிக்கு வேற சொன்னீங்களே?" என்று கேட்டாராம். "அன்னிக்கு நான் முட்டாள்" என்றாளாம்.

ஜூன் 25, புதன்

பின் தெருவுக்குப் போய் வெளியில் காத்திருந்தேன். உள்ளே ஒருவர் போனார், இன்னொருவர் போனார். இரண்டு பேர் ஆனதும் போனேன். அதே வகுப்புக் குரலில்தான் பேசினேன்: "அன்னிக்கு இங்க நின்னு இவரைத் தப்பாப் பேசினேன். இவர் சொன்னது சரி. நான் படிச்சது பத்தல."

கேட்டவர்கள் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் நின்றார்கள். அவர் காது சிவந்துவிட்டது. "உக்காருங்க டீச்சரம்மா, தட்டுக்குத் தண்ணி விடணும்" என்றார். தண்ணீர் சொட்டத் தொடங்கியது. இரண்டு கடை திரும்பக் கல் அனுப்புகின்றனவாம். மூன்றாவது இன்னும் இல்லை.

"வேணும்னா திரும்பச் சுடக் குடுக்கலாம். நீலம் வந்துடும்."

"வேண்டாம். காற்புள்ளி இப்பத்தான் நல்லாத் தெரியுது. அப்படியே பதிச்சிடுங்க."

ஜூன் 30, திங்கள்

மூன்றாவது கடைக்கு முத்திரை இன்றும் போனாள். இது நான்காவது தடவை.

ஜூலை 8, செவ்வாய்

மோதிரம் விரலில் இருக்கிறது. வெளுத்த கல், பக்கவாட்டில் சாய்த்தால் அடியில் மட்டும் நீலம். முத்திரை என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "நிறம் எவனோ போட்டது. காற்புள்ளி நான் எடுத்தது" என்றாள். மூன்றாவது கடையும் நேற்றுப் பொட்டலம் அனுப்பிவிட்டதாம். இவள் தொல்லை தாங்காமல்தான் இருக்கும்.

நாடா எங்கே கிடக்கிறது என்று இப்போது நான் பார்ப்பதில்லை, அவளும் ஒளிந்து படிப்பதில்லை. காலையில் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்த ரெட்டைச் சடைப் பொண்ணுக்குப் பதில் எழுதிட்டீங்களா?"

"அவ எங்க இருக்காளோ. முகவரிகூடத் தெரியாது."

"முகவரி தெரியாத கடிதம் எத்தனையோ என் கையால போய்ச் சேர்ந்திருக்கு. முதல்ல எழுதுங்க."

அதனால் எழுதுகிறேன்.

அம்மா, நீ கேட்டது நல்ல கேள்வி. உன்னைச் சிரிப்பாக்கி உட்காரவைத்துவிட்டேன். போரடிக்குமா என்பது எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் எழுந்து போக முடியாது என்று சொன்னேனே, அது தப்பு. முடியும். பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருக்க வேண்டும், போதுமான சூடு இருக்க வேண்டும், நேரம் நிறைய வேண்டும். இதையும் நான் சொன்னேன் என்று நம்பிவிடாதே. ஒரு முட்டை அட்டையை எடுத்து, ஓர வரிசையில் மூன்று பழுப்பு முட்டை வை, மற்றதில் வெள்ளை வை, ஒரு குழியை மட்டும் காலியாக விடு, பகடையை நூறு தடவை உருட்டி, அது காட்டும் பக்கத்து முட்டையைக் காலிக் குழிக்கு நகர்த்திப் பார்.